மேட்ரன் அம்மா வாசித்த மறுபாதி

என் ஆய்வக மேசையின் இழுப்பறையில், ஊசி உறைகளுக்கும் ஒட்டுச் சீட்டுகளுக்கும் நடுவில், ஒரு தகரக் குழல் கிடக்கிறது. சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல், ஆறு துளைகள், வாய் வைக்கும் இடத்தில் பச்சை பிளாஸ்டிக். அந்தப் பச்சையில் பல் பட்ட தடங்கள் இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, “இது எந்த டெஸ்டுக்கு அக்கா?” என்று கேட்பார்கள். எங்கள் மேட்ரன் அம்மாவுடைய குழல் என்று மட்டும் சொல்லி மூடிவிடுவேன். முழுக் கதையையும் சொன்னால் நான் சிரித்த சிரிப்பையும் சொல்ல வேண்டி வரும்.

கடையத்திலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறி வந்து இந்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலையில் சேர்ந்தபோது, நான் முதலில் பயந்தது மேட்ரன் அம்மாவுக்குத்தான். இடுப்பில் பெல்ட் கட்டிய வெள்ளை உடுப்பு, தலையில் கஞ்சி போட்ட தொப்பி, வராந்தாவின் அந்தக் கோடியிலேயே கேட்கும் காலடிச் சத்தம். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். செங்கோட்டைக்கு மேலே மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட காலத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வேலைக்கு வந்தவர். இந்த ஒரு தகவலை மேட்ரன் அம்மா எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. மார்ச் பதினேழாம் தேதி, அந்த நாட்டுப் புனிதரின் திருநாளன்று, தொப்பியில் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு வருவார். வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் பிளம் கேக் உண்டு. கேக்கை வாங்கித் தின்றுவிட்டு முதுகுக்குப் பின்னால் “ஐரிஷ் மகாராணி” என்று சொல்கிற கூட்டத்துக்கு நான்தான் தலைவி. பாஸ்போர்ட்கூட இல்லாத மகாராணி என்று சேர்த்துச் சொன்னதும் நான்தான்.

ஆனால் அந்த இசையைப் பற்றி மட்டும் எனக்குக் கேலி வந்ததில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேட்ரன் அம்மா மொட்டை மாடிக்குப் போவார். குற்றால மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். போனில் செல்டிக் இசையை ஓட விடுவார். பிடில், புல்லாங்குழல், ஏதோ ஒரு தோல் கருவி எல்லாம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். உடுப்பு காயப்போட வந்த ஆயாமார்கள் வாளியோடு அப்படியே நின்றுவிடுவார்கள். சாரல் முகத்தில் விழுந்தாலும் மேட்ரன் அம்மா நகர மாட்டார். “எங்க அயர்லாந்துலயும் இதே மழைதான் ஏட்டி. இடி மின்னல்னு ஆர்ப்பாட்டம் பண்ணாது. பேசாம நனைச்சிட்டுப் போவும்” என்பார். பார்த்ததே இல்லாத ஊரின் மழையைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகப் பேச முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு பையிலிருந்து இந்தத் தகரக் குழலை எடுத்து ஒரே ஒரு மெட்டை வாசிப்பார். அந்த மெட்டு கொள்ளுத்தாத்தா கொண்டு வந்தது, அப்பா வழியாகத் தனக்கு வந்தது என்பார். அது இரண்டு பாதிகள் உள்ள மெட்டு. ஒவ்வொரு பாதியையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டுமாம். அது அவர்கள் வழக்கம். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. அது வந்தால் கால் தானாகவே தாளம் போடும்.

ஒரு சீசனில், ஐந்தருவிக்குக் குளிக்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு எங்கள் வார்டில் வந்து படுத்தாள். அயர்லாந்துக்காரி. அதற்கும் மேலே, சொந்த ஊரில் பிடில் வாசிக்கிறவள். அந்த நான்கு நாளும் மேட்ரன் அம்மா நடக்கவில்லை, பறந்துகொண்டுதான் இருந்தார். கஞ்சி அவர் வீட்டிலிருந்து வந்தது. ஒரு அயர்லாந்து மனுஷியை நேரில் காண்பது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை.

அந்தப் பெண் குணமாகிக் கிளம்புகிற அன்று, வார்டு வராந்தாவில் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு மேட்ரன் அம்மா குழலை எடுத்தார். முதல் பாதியைக் கேட்டதும் அந்தப் பெண்ணுடைய முகம் மலர்ந்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு கூடவே முனகினாள். இரண்டாம் பாதி தொடங்கியது. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. வாசித்து முடித்ததும் அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். முதல் பாதி தன் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததாம். இரண்டாம் பாதியைத் தான் எங்குமே கேட்டதில்லை, அழகாக இருக்கிறது, அதைக் கொடுத்தது யார் என்றாள். எந்த மெட்டையும் யாரிடமிருந்து வாங்கினோமோ அவர் பேரைச் சொல்லித்தான் நாங்கள் வாசிப்போம் என்றும் சொன்னாள்.

மேட்ரன் அம்மா வாயைத் திறந்தார். எதையோ விழுங்கியதுபோல மூடிக்கொண்டார்.

அப்போதுதான் இலத்தூரிலிருந்து வேலைக்கு வருகிற ஆயா அக்கா, கையில் துடைப்பத்தோடு முன்னால் வந்து, “இது எங்க அம்மன் கோயில் கொடையில நையாண்டி மேளத்துல வாசிக்கதுல்லா! நானும் இத்தன நாளா எங்கனயோ கேட்டிருக்கமேன்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை, வராந்தா முழுக்கக் கேட்கிற சிரிப்பு. என்னைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். மேட்ரன் அம்மா குழலைத் துடைத்துப் பையில் வைத்தார். “போதும், எல்லாரும் வேலையப் பாருங்க” என்றார்.

மறுநாளிலிருந்து மொட்டை மாடியில் சத்தம் இல்லை. என்னிடம் வேலை விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருத்தர் வாழ்நாளெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடியதை ஒரு சிரிப்பில் கீழே தட்டிவிட்டோமே என்று எனக்கு சோறு இறங்கவில்லை. அவர் இனிமேல் அந்தக் குழலைத் தொடவே மாட்டாரோ என்பதுதான் என் பயம்.

ஆடியில் ஆயா அக்கா ஊரில் அம்மன் கோயில் திருவிழாவான கொடை வந்தது. வருஷா வருஷம் வார்டையே அழைப்பார். மேட்ரன் அம்மா போனதே கிடையாது. நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “அம்மா, நான் சிரிச்சது தப்பு. என் கூட ஒரு தடவ இலத்தூருக்கு வாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட பேசாட்டாலும் சரி” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். கைப்பையோடு வந்து ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார்.

மத்தியானக் கொடை. பந்தலுக்குள்ளே நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன. மேட்ரன் அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றார். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. அதே மெட்டு, அதே துள்ளல், என் கால் தானாகத் தாளம் போட்ட அதே பாதி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேளக்காரர்கள் டீ குடிக்க உட்கார்ந்ததும், விறுவிறுவென்று அவர்களிடம் போனார். பையிலிருந்து குழலை எடுத்தார். எதுவும் சொல்லாமல் முதல் பாதியை வாசித்தார். இரண்டு தரம்.

தவில்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தாளம் ஆறு எண்ணம்தான், நம்ம நடைதான். நீங்க விடாம வாசிங்க ஆச்சி” என்று கோலைக் கையில் எடுத்தார். மேட்ரன் அம்மா இரண்டாம் பாதிக்கு வந்தபோது நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தகரக் குழல் நாதஸ்வரத்தின் சத்தத்தில் எடுபடவே இல்லை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க, வேர்க்க விறுவிறுக்க, சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போக வாசித்தார். பந்தலில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். ஆயா அக்கா சாமி வந்தவரைப் போல அழுதார். நானும் அழுதேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவராகவே பேசினார். “நம்ம ஆயா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் ஏட்டி. கொள்ளுத்தாத்தா கட்டினது இலத்தூர் மேளக்காரங்க வீட்டுப் பொண்ண. சர்ச் ரிஜிஸ்டர்ல மேரி. வீட்டுல கூப்பிட்டது பேச்சி. அந்த ரெண்டாம் பாதி அவங்க குடுத்தது. யார் கேட்டாலும் கொள்ளுத்தாத்தா பேர மட்டும்தான் சொல்லணும்னு அப்பா சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு, யார் குடுத்ததுன்னு கேட்டப்ப பேச்சின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. முழுங்கிட்டேன். நீ சிரிச்சதுக்கு நான் கோவப்படல. முழுங்குனதுக்குத்தான் வெக்கமாப் போச்சு.”

அந்த வாரமே மெட்டை முழுசாகப் பதிவு செய்து அயர்லாந்துக்காரிக்கு அனுப்பினார். கீழே, கொடுத்தவர் பெயரையும் எழுதினார்.

மேட்ரன் அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மார்ச் பதினேழாம் தேதி பச்சை ரிப்பனையும் விடுவதில்லை, ஆடியில் கொடையையும் விடுவதில்லை. ஐரிஷ் பெருமை ஒரு துளியும் குறையவில்லை, முன்பைவிடக் கூடித்தான் போயிருக்கிறது. இந்த மார்ச்சில் கேக் டப்பாவோடு வார்டுக்கு வந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும் ஒரு கடைக்குள் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிடிலைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எழுந்து, தடுக்கித் தடுக்கி, ஆனால் ஒரு எழுத்தையும் விடாமல் சொன்னாள்: “இலத்தூர் பேச்சி.” பிறகு எல்லாரும் வாசித்தார்கள், இரண்டு பாதியையும். மேட்ரன் அம்மா வீடியோவைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார். “மகாராணிக்கு வந்துட்டு பாத்தியா?” என்று என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். எல்லாம் அவர் காதுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தப் பெண் புதுக் குழல் ஒன்று அனுப்பியிருந்ததால் பழையது எனக்கு வந்தது. மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இழுப்பறையைத் திறந்து வாசித்துப் பார்க்கிறேன். முதல் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பேச்சியின் பாதி வந்துவிட்டது. அடுத்த முறை யாராவது இது எந்த டெஸ்டுக்கு என்று கேட்டால், இழுப்பறையை மூடப் போவதில்லை.