பன்னிரண்டாவது ஊசி

ஏசுபாதம் எதையும் எண்ணாமல் விடமாட்டார். சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணித்தான் வாயில் போடுவார் என்று செங்கல்பட்டில் அவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் நர்சுகள் கேலி பேசுவார்கள். அதனால் 1957-ல் கோபால்ட் ஊசிகள் வந்து இறங்கியபோது, அவற்றைக் காக்கும் வேலை அவர் தலையில் விழுந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

மொத்தம் பன்னிரண்டு ஊசிகள். வாய்ப்புற்று வந்தவர்களின் கன்னத்தில் குத்தி, சில நாள் வைத்திருந்து எடுப்பார்கள். அரை விரல் நீளம், ஊசிக்காதில் சிவப்புப் பட்டு நூல். "இது மண்ணுல கிடைக்கிற கோபால்ட் இல்ல. வெளிதேசத்துல அணு உலைக்குள்ள போட்டு எடுத்தது. கையால தொடாதே, பக்கத்துல நிக்காதே" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏசுபாதம் நீண்ட இடுக்கியால் எடுத்து, ஈயப் பெட்டியில் போட்டு, எண்ணி மூடுவார். நெருப்பு சுடும், பாம்பு சீறும், இந்தச் சனியனோ சும்மா கிடந்தது. சூடில்லை, வாசனையில்லை, வெளிச்சமில்லை. அதனாலேயே மூடுமுன் இன்னொரு தடவை எண்ணுவார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. மகள் ஜெசிந்தாவுக்கு நெம்மேலியில் பெண் குழந்தை பிறந்த சேதி காலையில் வந்தது. மனைவி செல்லம்மா மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. மேட்ரனிடம் கேட்டு, அன்று வார்டுக் கட்டிலிலிருந்து கழித்துப்போட்ட பழைய விரிப்பு ஒன்றைச் சுருட்டி, "கொதிக்க வச்சி அலசிக்கோ" என்று அவளிடம் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் கன்னங்களில் இருந்ததையும் பெட்டியில் இருந்ததையும் சேர்த்து எண்ணியபோது பதினொன்றுதான் இருந்தது.

மதராஸிலிருந்து ஒரு கருவி வந்தது. ஊசி பக்கத்தில் இருந்தால் அது படபடவென்று தட்டுமாம். வார்டு, சாக்கடை, சலவைத் தொட்டி, ஏசுபாதத்தின் வீடு என்று எங்கெங்கோ காட்டினார்கள். எப்போதாவது ஒரு தட்டு தட்டிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. ஊசி சாக்கடையோடு போயிருக்கும் என்று எழுதிவிட்டார்கள். ஏசுபாதம் மட்டும் அதை நம்பவில்லை. எங்கோ ஓரிடத்தில் அது யார் பக்கத்திலோ சும்மா கிடக்கிறது என்ற நினைப்பு அவரை விடவில்லை.

பதினேழாம் நாள்தான் லீவு கிடைத்தது. திருப்போரூரில் இறங்கி, கால்வாயைத் தோணியில் தாண்டி, பேத்தியைப் பார்க்கப் போனார்.

"கொழந்த நல்லாத்தான் கீது நைனா. பின்னந்தலைல மட்டும் முடி உதிருது" என்றாள் ஜெசிந்தா.

"படுத்தே கெடக்குற புள்ளைங்கோ எல்லாத்துக்கும் அப்டித்தான்" என்றாள் செல்லம்மா.

பேத்தியைத் தூக்கக் குனிந்தார். தலைக்கடியில் இருந்த கடுகுத் தலையணையின் தையலில் ஒரு சிவப்பு நூல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா இது?" என்று நூலைக் காட்டினார்.

"கோச்சுக்காதய்யா. நீ குட்த்த துணி மடிப்புல கெடந்துது. பச்ச புள்ள தலமாட்டுல இரும்பு இல்லாம எப்டி? காத்து கருப்பு அண்டாதா? நீதான் இதெல்லாம் அவிசுவாசம்னு கத்துவியே, அதான் உள்ள வச்சித் தெச்சிட்டேன்" என்றாள் செல்லம்மா.

ஏசுபாதம் கத்தவில்லை. குழந்தையை வாரி மகளிடம் கொடுத்து, "சவுக்குத் தோப்பாண்ட போ. நான் கூப்புடறவரைக்கும் வராதே" என்றார். பக்கத்து வீட்டு மீனவரிடம் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு பானையில் பாதி நிரப்பினார். தையலைப் பிரித்து, அடுப்பு இடுக்கியால் ஊசியை எடுத்து நடுவில் வைத்து, மேலே மறுபாதிக் குண்டுகளைக் கொட்டினார். "பன்னெண்டு" என்று வாய் தானாகச் சொன்னது. பானையை ஒரு நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டி, உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இருபது மைலும் நடந்தே போனார். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, விலகி வழிவிட்டார்கள்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஊசிப் பெட்டி வேறு ஆளிடம் போனது. அவருக்கு அதில் வருத்தமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

டாக்டரம்மா குழந்தையை வரவழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியாது ஏசுபாதம். அஞ்சு வருஷமோ, இருபது வருஷமோ கழிச்சுப் புத்து வரலாம்... வராமலே போனாலும் போகலாம். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

ஞாயிறுதோறும் அவர் நெம்மேலிக்குப் போய்ப் பேத்தியின் பின்னந்தலையைப் பார்த்தார். முடி வளர்ந்தது. காலணா அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் வளரவில்லை.

செல்லம்மா இப்போது ஒளிக்காமலே ஒரு இரும்புப் பாக்குவெட்டியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். இந்த ஞாயிறு கத்துவார், அடுத்த ஞாயிறு கத்துவார் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். ஒருநாள் குழந்தை புரண்டதில் பாக்குவெட்டி பாய்க்கு வெளியே சரிந்தது. ஏசுபாதம் அதைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, பேத்தி விழித்துவிடாதபடி, அதை மறுபடியும் தலையணைக்கடியில் தள்ளி வைத்தார்.