எனக்குச் சொல்லாத செய்தி

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் என் கணவரோடு கதையுங்கள் என்று தாதியிடம் நானேதான் சொல்லி வைத்திருந்தேன். நல்லதோ கெட்டதோ, அதை ஓர் அந்நியக் குரல் என் காதுக்குள் வாசிப்பதில் எனக்கு விருப்பமில்லை. பயம் என்று சொன்னாலும் சரிதான். மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி, கீமோ ஏற்றி, கதிர் வைத்து, தலைமயிர் கொட்டித் திரும்ப முளைத்த பிறகு எடுத்த ஸ்கேன் அது. அது சுத்தமாக இருந்தால் நான் தப்பினேன். இல்லாவிட்டால் இல்லை.

ஆக்லாந்தின் குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, ரானுயி வீட்டில் நான் பாண் வாட்டிக்கொண்டிருந்தபோது இவர் கராஜுக்குள் இருந்து வந்தார். மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை. அந்த நேரம் வீட்டில் நிற்கிறவர் இல்லை. கையில் போன் இருந்தது.

"ஸ்கேன் கிளியராம். ஒண்டும் இல்லையாம்," என்றார்.

இந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தோம்! சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாண் மெஷினைப் பார்த்துச் சொன்னார். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன.

"அழுதனீங்களோ?"

"சீச்சீ. ஹே ஃபீவர்."

வெளியே புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் இவருடைய மூக்கைத் தேடி எந்தப் பூ மகரந்தம் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. நோய் திரும்ப வந்துவிட்டது, அதை இந்த மனிதர் எனக்கு மறைக்கிறார். அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் நாங்கள் நோர்வேக்குக் கப்பல் பயணம் போக இருந்தோம். கீமோ ஏற்றுகிற அறையில் சத்தமில்லாத ஒரு டிவி இருந்தது. அதில் ஒரு வெள்ளைக் கப்பல் மலைகளுக்கு நடுவே நுழைந்திருந்த கடலில் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஃபியோர்ட் என்று கீழே எழுதியிருக்கும். வாய் முழுக்க இரும்புச் சுவையோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் இவரிடம், "இது முடியட்டும், அதில போவம்," என்றேன். இவர் உடனே பதிவு செய்துவிட்டார். ஒரு சட்டை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர்!

யாழ்ப்பாணத்தில் இருந்த என் அண்ணாதான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர். ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்து என்னைச் சீண்டுவது அவருடைய வாராந்த உற்சவம். "உங்கட நாட்டிலயே தெற்குப் பக்கம் இதே மலை, இதே தண்ணி இருக்காமே. அதை விட்டிட்டு உலகத்தின்ர மற்றத் தொங்கலுக்கு ஓடுறாய். உனக்குக் கொழுப்பு தங்கச்சி," என்பார். கொழுப்பெல்லாம் கீமோவில் கரைந்துவிட்டது என்பேன் நான். என்னோடு பாவப்பட்டுக் கதைக்காத ஒரே ஆள் அவர். முதலில் எனக்கு நோய் என்று தெரிந்தபோதும், "எத்தினையாம் கட்டம்? சும்மா மழுப்பாமல் சொல்லு," என்று நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே அந்த வியாழக்கிழமை எனக்கு அவரோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. இவர் அண்ணாவிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பார். அவர் எனக்கு மறைக்க மாட்டார்.

அன்று மத்தியானமே மகள் வந்து நின்றாள். நகர மையத்தில் வேலை, அங்கேயே பிளாட். வார நாளில் ரயிலேறி ரானுயிக்கு வருகிற பிள்ளை இல்லை. வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை. பிறகு, "அம்மா, யுவர் போன் இஸ் சோ ஸ்லோ. நான் ஃபிக்ஸ் பண்ணித் தாறன்," என்று என் போனை வாங்கிக்கொண்டு, தன்னுடைய பழைய போன் ஒன்றைத் தந்தாள். அதில் சொந்தக்காரர்களின் குரூப் ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் யாராவது வாய் தவறி என் நோயைப் பற்றி எழுதிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

அண்ணாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். பழைய போனில் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். இவர் ஓடி வந்தார்.

"அவர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வெளிக்கிட்டிட்டாராம். காட்டுக்குள்ள சிக்னல் இராது. போனையும் வீட்டில விட்டிட்டாராம்."

சந்திக் கடைக்குப் போகவே மோட்டார் சைக்கிள் எடுக்கிற மனிதர் என் அண்ணா. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவே பஞ்சிப்படுகிறவர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் மட்டும் நடக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கலாம். எனக்காக நேர்த்தி வைத்து நடக்கிறார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மனிதரே கடவுளிடம் போய் நிற்கிற அளவுக்கு என் நிலைமை முற்றிவிட்டது.

மற்ற நாள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மலேசியத் தமிழ் அம்மா, எப்போதாவது சாமான் வாங்கப் போகும்போது சேர்ந்து போகிறவர். நான் எழும்பு முன்னமே இவர் பாய்ந்து போய் வெளியே நின்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது மரியாதையில்லைதான். சாகப் போகிறவளுக்கு மரியாதை என்ன?

"ஐயோ பாவம்லா, கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. சாப்பாடு செஞ்சு கொண்டாந்தேன். அவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

"இல்லை அம்மா. சொல்லேல்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லாதேங்கோ. பயணம் முடியட்டும்."

"கண்டிப்பா சொல்ல மாட்டேன். பாவம், சந்தோஷமா போய்ட்டு வரட்டும்."

நான் போய்ச் சோபாவில் இருந்தேன். இவர் மரக்கறி பிரியாணிச் சட்டியோடு உள்ளே வந்து, "சும்மா அன்பில தந்தவ," என்றார். நான் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதிலும் எனக்குக் கோபம் வந்தது.

இவர்கள் நடிக்கிறார்கள், நானும் நடிப்பேன் என்று முடிவெடுத்தேன். தாதியின் நம்பர் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்தது. ஒரு போன் அடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் அடிக்கவில்லை. தெரியாமல் இருக்கும் மட்டும் ஒரு துளி சந்தேகம் மிச்சம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம்.

விமான நிலையத்தில் மகள் அழுதாள். டோஹாவில் மாறி, கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறினோம். இளம் வயதில் சண்டைக்குப் பயந்து கிளாலியில் வள்ளம் ஏறினபோது அண்ணா என் பின்சட்டையைக் கையில் சுற்றிப் பிடித்தபடி வந்தவர். அதற்குப் பிறகு நான் கடலில் கால் வைத்தது இப்போதுதான். இந்தக் கப்பலில் லிஃப்ட் இருந்தது, நீச்சல் தடாகம் இருந்தது, பகல் முழுக்கச் சாப்பாடு இருந்தது. நான் எதைக் கேட்டாலும் இவர் ஓம் என்றார். கோப்பி கேட்டால் கேக்கும் வந்தது. கடையில் ஒரு கம்பளிச் சால்வையைச் சும்மா தொட்டுப் பார்த்தேன், வாங்கிவிட்டார். முப்பது வருடமாக என்னோடு வாய்க்கு வாய் வாதாடிய மனிதர் ஒரு பேச்சுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒருக்கா என்னைப் பேசுங்கோ, ஒருக்கா எரிஞ்சு விழுங்கோ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

நோர்வேயில் அந்த மாதம் இருட்டுவதில்லை. படுக்கப் போகும்போதும் ஜன்னலில் வெளிச்சம், கண் விழித்தாலும் வெளிச்சம். முகத்தை மறைத்து அழுவதற்கு ஓர் இருட்டுக்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போல நடித்தார். நானும் அதையே செய்தேன்.

கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்த அன்று எல்லோரும் மேல்தளத்தில் நின்றார்கள். இரண்டு பக்கமும் மலை நேராக எழும்பி நின்றது. தண்ணீர் கரும்பச்சை. பாறையிலிருந்து அருவிகள் வெள்ளை வெள்ளையாக விழுந்தன. டிவியில் பார்த்ததைவிட ஆயிரம் மடங்கு அழகு. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னை ஏன் அனுப்புகிறாய் என்று யாரிடம் கேட்பது?

"அருவி தெரியிற மாதிரி நில்லும், ஒரு படம் எடுப்பம்," என்றார் இவர்.

"மரண அறிவித்தலுக்கோ?"

இவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளிறியது.

"ஆர் சொன்னது உமக்கு?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கண் இருக்கு. இப்ப சொல்லுங்கோ. எவ்வளவு காலமாம்?"

"என்ன காலம்?"

"எனக்கு. டொக்டர் எவ்வளவு காலம் சொன்னவர்? மாசமோ, வருசமோ?"

இவர் என்னை விளங்காமல் பார்த்தார். பக்கத்தில் ஒரு வயோதிபத் தம்பதி அருவியைக் காட்டிக் காட்டி ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் என் தோளைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்தினார். தானும் முன்னால் குந்தினார்.

"உமக்கு ஒண்டும் இல்லை. நான் அண்டைக்கே சொன்னனான், கிளியர் எண்டு. அது சத்தியம்." சால்வையை என் தோளில் இழுத்துவிட்டார். "அண்ணா எங்களை விட்டிட்டுப் போயிட்டார். அண்டைக்கு விடியத்தான் போன் வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னம் முடிஞ்சுது. அந்தக் கோல் வைக்கேக்குள்ளயே தாதியின்ர கோல். சொன்னால் நீர் கப்பல் ஏறமாட்டீர். செத்த வீட்டுக்குத்தான் பிளேன் ஏறுவீர். செத்த வீட்டு அழுகையும் அலைச்சலும் தாங்கிற உடம்போ இது? செய்த கிரியையளை நான் கராஜுக்குள்ள இருந்து போனில பாத்தனான்."

இவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. நான் கேட்டது இதுதான்:

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?"

"இல்லை."

"சத்தியமாய்?"

"பிள்ளையாணைச் சத்தியம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தவும் முடியவில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்துவிட்டது போல, மூச்சு முழுதாக உள்ளே போனது. நான் சிரித்தேன். அந்த வயோதிபர்களும் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார்கள், அருவியைக் கண்டு மகிழ்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மலை, தண்ணீர், சால்வை எல்லாம் என்னுடையது. நான் சாகவில்லை. அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

என் முன்னால் குந்தியிருந்த மனிதரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் கேட்டேன்.

"அப்ப கதிர்காமம்?"

இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அண்ணா எனக்காகக் காட்டுக்குள் நடக்கிறார் என்று பதினேழு மணித்தியாலம் விமானத்தில் இருந்தபடி, பிறகு இன்னொரு விமானத்தில் இருந்தபடி, அவருடைய பாதத்துக்காக நான் கும்பிட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் எரிந்து சாம்பலாகி ஒரு வாரத்துக்கும் மேல். அழுகை அப்போதுதான் வந்தது. வந்தது நிற்கவில்லை. மிச்சப் பயணம் முழுக்க நான் கபினைவிட்டு வெளியே வரவில்லை.

ஆக்லாந்து திரும்பிய பிறகு துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஹோலில் கதிரை போட்டு இருந்தார்கள். "கப்பலுக்குள்ள வைச்சுக் கேள்விப்பட்டனீங்களாம். எப்பிடித்தான் தாங்கினியளோ?" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் இவர் தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"கேட்டவுடன துடிச்சுப் போனா," என்றார். "ஒரு சொல்லுக் கதைக்க ஏலாமல் அழுதவ."

பிறகு குனிந்து எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். எனக்குத் தரும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.