இடதுபக்கச் சுற்று

நான் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்கிறவள். எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேல்வீட்டில் தட்டு விழுந்தால் சண்டை என்பேன். நிஜமாகவே சண்டை என்றால் விவாகரத்து என்பேன். மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் வரவில்லை. நேரம், சத்தம், யார் என்ன பேசினார்கள்... எல்லாம் நடந்தது நடந்தபடி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். படித்து முடித்ததும் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை. அதில் ஆறு மீட்டர், ஆறு ஃப்யூஸ் கட்டை. பாதி தேய்ந்த சோப்பு மாதிரி வெள்ளைப் பீங்கான் கட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு, நடுவே ஒரு கம்பி. பலகைக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

எங்கள் வீடு மூன்றாம் எண். எதிரே நான்காம் எண்ணில் ஓர் எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மனிதர், அவர் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் இருட்டு. அவள் வீட்டிலேயே துணி தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். உடனே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுவாள்.

"அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

எங்கள் வீட்டில் இருந்தால் போனது அவள் வீட்டு ஃப்யூஸ் மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு கீழே இறங்குவாள். நான்தான் அவளுக்கு 'மெழுகுவத்தி' என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் ஆறு வீட்டுக்கும் பரவியது. அவளும் சிரித்தாள். வைத்தது யாரென்று தெரிந்துதான் சிரித்தாளோ என்னவோ.

அவளுக்கு ஃப்யூஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். படியில் உட்கார்ந்து பாடம் நடக்கும். நான் மாடிக் கைப்பிடியைத் துடைக்கிற சாக்கில் நின்று கேட்பேன். அந்தக் கைப்பிடி அளவுக்குப் பளபளப்பான கைப்பிடியை நீங்கள் எங்கும் பார்த்திருக்க முடியாது. அவள் இடதுகைக்காரி.

"வலது பக்கமா சுத்துடி. இடது பக்கமா சுத்தினா, திருகை முறுக்கறப்போ கம்பி வெளியே தள்ளிக்கும்."

"என் கைக்கு இப்படித்தான் வருது. வேணும்னா கையை மாத்திக் குடுங்க."

"எத்தனை தடவை சொன்னாலும் இதே சுத்துதான். கழுத்தை அறுக்கறே."

மேலே இருந்தபடியே நான் ஒருநாள் கேட்டேன். "ஏன் தம்பி, இவ்வளவு மெல்லிசுக் கம்பி எதுக்கு? தடியா ஒண்ணைப் போட்டுட்டா பொண்டாட்டி இருட்டுல அலைய மாட்டாளே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இளைச்சுதான்க்கா இருக்கணும். வீட்ல இருக்கற வயர்லயே முதல்ல சாகறது இதுவாத்தான் இருக்கணும். லோடு ஏறினா இது உருகி அறுந்துடும். சுவத்துக்குள்ள இருக்கற வயர் பிழைச்சுக்கும். இது சாகலைன்னா அப்புறம் சுவர்தான் எரியும்."

நல்ல மனிதர், பிழைக்கத் தெரியாதவர் என்று அன்று என் கணவரிடம் சொன்னேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக் கட்டையில் என் வைத்தியம்தான். பழைய வயரை உரித்து, செம்பு இழைகளை நாலைந்தாக முறுக்கி நானே சுற்றியது. ஆறு வருஷமாக ஃப்யூஸ் போனதே இல்லை. மற்ற நாலு வீட்டுக்கும் அதே யோசனையைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் கம்பியும் கொடுத்தேன்.

ஒரு மாலை, சரியாக 6.42. கதவு தட்டப்பட்டது. மெழுகுவத்தி.

"அவர் வேலைக்கு வெளியூர் போயிருக்காருக்கா. வர ரெண்டு நாள் ஆகும். கம்பிச் சுருளும் அவர் பையோட போயிடுச்சு. காலைல பன்னிரண்டு துணி குடுக்கணும்." கண் கலங்கியிருந்தது.

நானே கீழே இறங்கினேன். என் தடிக் கம்பியை அவள் கட்டையில் சுற்றினேன். அவள் மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் பார்த்தா திட்டுவாருக்கா."

"வந்ததும் மாத்திக்கோ. நான் வச்சேன்னு மட்டும் சொல்லாதே."

அவள் சொல்லவில்லை. மாற்றவும் இல்லை. ஃப்யூஸ் போகாத வீடு அவளுக்குப் பிடித்துப்போனது. என் துணிகளுக்கெல்லாம் சும்மாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம், அவர் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். தண்ணீர் சுட வைத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியையும் அணைக்காமல் கண் அயர்ந்திருக்கிறாள். சுவருக்குள் வயர் உருகி, திரைச்சீலையில் பிடித்தது. எனக்குப் புகை தெரிந்தபோது மணி 3.20. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதை உடைத்தார்கள்... அதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

வந்த அதிகாரி நான்காம் எண் கட்டையைப் பிடுங்கி அவரிடம் காட்டினார். தடிக் கம்பி அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடி... இப்படிப் பண்ணிட்டியே" என்றார் அவர். அவ்வளவுதான். கட்டையை ஒரு துணியில் சுற்றிக் கருவிப் பையின் அடியில் போட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவளே வினையைத் தேடிக்கொண்டாள் என்று அவருக்குக் கோபம். அவள் படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. 'அவளேதான் வச்சுக்கிட்டா' என்ற கதையை மற்ற நாலு வீட்டுக்கும் கொண்டுபோனதே நான்தான். என் வீட்டுக் கட்டையில் இருந்த கம்பியையும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

பதினோரு மாதம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 6.42.

'டக்.'

கீழே, படிக்கு அடியிலிருந்து சத்தம். எங்கள் வீடு இருண்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மற்ற வீடுகளில் வெளிச்சம் இருந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் ஃப்யூஸ் கட்டை பிடுங்கப்பட்டு, பலகையின் மேல் விளிம்பில் பத்திரமாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. யாரோ வம்பு என்று நினைத்தேன். எடுத்துச் செருகினேன். கையில் ஏதோ பிசுபிசுத்தது.

மெழுகு. இன்னும் சூடாக இருந்தது.

புதன்கிழமை. 6.42. 'டக்.'

அதே இடம். கட்டை அதே மாதிரி. இந்த முறை இரண்டு சொட்டு.

"என்னங்க... யாரோ ஃப்யூஸைப் பிடுங்கறாங்க."

"போனா வரும். பேசாம படு" என்று என் கணவர் புரண்டு படுத்தார்.

வியாழக்கிழமை நான் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தாழிட்டிருந்தேன். 6.40. 6.41. வெளியே செருப்புச் சத்தம். எதிர்வீட்டுப் பக்கமிருந்து...

எதிர்வீடு பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு. ஆடியது.

மூன்று தட்டு.

"அக்கா..."

கடிகாரத்தைப் பார்த்தேன். 6.42.

"உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

காய்ச்சலில் படுத்தவர்கள் பேசுகிற மாதிரி, களைத்த குரல். கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"இருக்காக்கா?"

"இரு... இருக்கும்மா."



மஞ்சள் கோடு மெதுவாக நகர்ந்தது. படியில் இறங்கும் செருப்பு. ஒன்று... இரண்டு... எண்ணினேன். பதினான்கு படி.

'டக்.'

இருட்டு.

கீழே திருகு சுழலும் சத்தம். 'கிரீச்... கிரீச்...' நிதானமாக.

'டக்.'

வெளிச்சம் வந்தது. 6.49.

விடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கீழேயும் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ஹீட்டரில் வெந்நீர் போட்டிருந்தேன். என் கணவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். 'டப்' என்று எல்லாம் அணைந்தது. மணியைப் பார்த்தேன்.

3.20.

ஆறு வருஷத்தில் முதன்முறையாக எங்கள் வீட்டு ஃப்யூஸ் போயிருந்தது. உள்ளறையில் கருகிய வாடை. என் கணவரை எழுப்பி வெளியே தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன். வேறு எலக்ட்ரீஷியன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கை அவர் எண்ணைத்தான் அழுத்தியது.

நாலரைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். உள்ளே வயர் தார் மாதிரி உருகி வழிந்திருந்தது.

"ஃப்யூஸ் போகாம இருந்திருந்தா இன்னும் பத்து நிமிஷம்தான்க்கா. அண்ணன் முழிச்சிருக்க மாட்டாரு. நல்லவேளை, கம்பி மெல்லிசாப் போட்டிருக்கீங்க."



அவர் இறங்கிப்போய் எங்கள் கட்டையைப் பிடுங்கினார். நடுவில் அறுந்திருந்தது மெல்லிய கம்பி. இரண்டு பக்கமும் திருகில் சுற்றியது மட்டும் மிச்சம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை யாரு சுத்தினது?"

"ஏன் தம்பி?"

"இடதுபக்கச் சுத்து..." படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இது அவ சுத்துக்கா."

பிறகு பைக்குள் கை விட்டு, அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். அன்று கட்டியது, இன்றுவரை அவிழ்க்கவில்லை என்று முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. பிரித்தார். நான்காம் எண் கட்டை. தடிக் கம்பி. ஒரு கையில் அது, மறு கையில் இது. மாற்றி மாற்றிப் பார்த்தார்.

தடிக் கம்பி வலதுபக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது அவ இல்லை" என்றார். "அவளுக்கு இப்படிச் சுத்தவே வராது... அவ வைக்கலை."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் தம்பி வச்சேன். சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டையைத்தான் பார்த்தார்.

"பதினோரு மாசமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனேடி..."

ஓசையே இல்லாமல் அழுதார். வெகுநேரம்.

அப்புறம் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்ற நாலு கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். நான் கொடுத்த தடிக் கம்பி ஒன்றிலும் இல்லை. நாலிலும் மெல்லிய கம்பி. நாலிலும் இடதுபக்கச் சுற்று. மேலே மாதக்கணக்கான தூசு.

அன்று மாலையே நாலு வீட்டிலும் கேட்டேன். யாரும் கம்பி மாற்றவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒன்று நினைவிருந்தது. தீப்பிடித்து மறுவாரம், ஒரு மாலை, ஆறே முக்கால் வாக்கில் கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்ததாம். திங்கள் ஒரு வீடு. செவ்வாய் ஒரு வீடு. புதன், வியாழன். ஒரு நாளைக்கு ஒரு வீடு.

வெள்ளிக்கிழமை எங்கள் முறை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிக்கு அடியில், மீட்டர் பலகையை மறைத்தபடி நின்று, கீழ்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அவளேதான் வச்சுக்கிட்டா. புத்தி கெட்டவ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் மெழுகு வாசனை வந்தது. யார் வீட்டிலோ ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, திரும்பாமலே பேச்சைத் தொடர்ந்தேன்.

நான் பேசி முடிக்கட்டும் என்று நின்றிருப்பாள் போலிருக்கிறது.

பதினோரு மாதம் நின்றிருக்கிறாள்.