ரோலர் நின்ற குழி

பர்மாவில், எங்கள் இன்சீன் தெருவில், செல்லக்கண்ணு அக்கா வீட்டு வாசலுக்கு நேரே ஒரு குழி இருந்தது. என் முன்பல்லில் பாதி அதில்தான் போனது. இருபது வயதில், புதுச் சட்டையோடு, சைக்கிளிலிருந்து தலைகுப்புற விழுந்தேன். அன்றிலிருந்து அந்தக் குழியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அதை மூடச் சொல்லி வார்டு ஆபீசுக்கு இரண்டு முறை நானே மனு எழுதியிருக்கிறேன்.

குழியை உண்டாக்கியவர் சபாபதி அண்ணன். எண்பத்தைந்தாம் வருஷம், சித்திரை வெயிலில், எங்கள் தெருவுக்கு முதன்முதலாகத் தார் போட்டார்கள். அவர் ஓட்டிவந்த நகராட்சி ரோலர் அக்கா வீட்டு வாசலில் பழுதாகி நின்றுவிட்டது. உதிரி பாகம் வரப் பதினோரு நாள் ஆனது. இளகிய தாரில் வண்டி அழுந்திக்கொண்டே போக, அண்ணன் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார். அக்கா முதல் நாள் தண்ணீர் கொடுத்தார், மூன்றாம் நாள் சோறு கொடுத்தார். பதினோராம் நாள் ரோலர் கிளம்பியது. டிரைவருக்குத்தான் கிளம்ப மனசில்லை. தை மாதம் கல்யாணம்.

மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும். நகராட்சி ஆட்கள் வந்து கல்லும் மண்ணும் கொட்டுவார்கள். அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். "அது எங்க கல்யாணக் குழி, லேசுல மூடாது" என்று அண்ணன் சிரிப்பார். ஆள் ஏற்றிவரும் சைக்கா ரிக்‌ஷாக்காரர்கள் அந்த இடத்தில் வண்டியை இடப்பக்கம் ஒடித்து, அவரைத் திட்டிக்கொண்டே மிதிப்பார்கள். திட்டு வாங்குவதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை!

நாலு வருஷத்துக்கு முன் அண்ணன் கண்ணை மூடினார். இந்த வருஷம் மாசியில், தெருவுக்கு கான்கிரீட் போடப் போவதாக வார்டு ஆபீசில் அறிவித்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் என் வீட்டுக்கு வந்தார்.

"பிரான்சிஸ் தம்பி, ஒனக்கு பர்மா எழுத்து நல்லா வரும்ல? அந்தக் குழிய மட்டும் விட்டுறச் சொல்லி எழுதிக் குடு."

"அக்கா, மூடச் சொல்லி எழுதுனவனே நாந்தான்!"

"அதான் ஒங்கிட்ட வந்தேன். நீ எழுதுனா நம்புவாங்க. அவரு போனப்பொறம் எனக்கு அது ஒண்ணுதான் தொணை."

எழுதினேன். பல் போன கதையைக்கூட விடாமல் எழுதினேன். வார்டுத் தலைவர் படித்துப் பார்த்தார். அக்காவை "அமே" என்று பெற்ற தாயை அழைப்பது போல அழைத்து, ரோட்டில் குழியை விட்டுவைக்க எந்த ஆபீசாலும் உத்தரவு போட முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

கான்கிரீட் போட்ட நாலு நாளும் அக்கா வாசல் கதவைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலையில் கடைத்தெருவில் மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்தபடியே இறங்கினேன். பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீயும் ஒடிச்சுத்தான வந்த?"

திரும்பிப் பார்த்தேன். தெரு ஒரே மட்டமாகக் கிடந்தது. பின்னால் வந்த சைக்கா, அந்த இடம் வந்ததும் இடப்பக்கம் ஒடித்துச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்து வந்த சைக்கிளும் அப்படியே போனது.

"வெடிஞ்சதுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் அக்கா. "எல்லாரும் இன்னும் அவருக்கு வழி விட்டுத்தான் போறாங்க."