பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கிய அறிவாளி

கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளி அலுவலகத்தில் நான் எழுத்தர். சொந்த ஊரில் நாய்கூட மதிக்காத என் பிஜிடிசிஏ கம்ப்யூட்டர் சான்றிதழுக்கு மலைமேல் ஏக மரியாதை. அது தலைக்கேறியிருந்த சமயத்தில் நடந்தது இது.

அலுவலகக் கம்ப்யூட்டர் அரதப்பழசு. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். திருப்புலி நாட்டு மிளகு விவசாயி ஒருவர், மகளை நர்சிங் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கூட்டி வந்திருந்தார். முக்கால்வாசி நிரப்பியதும் எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து கேட்டது. மூன்று முறை இப்படி. நாளை மறுநாள் கடைசித் தேதி.

"இதுக்கு ஞாபகசக்தி பத்தலைங்க. நாளைக்குக் கீழே போய்ப் பழைய ரேம் ஒண்ணு வாங்கி மாட்டினா பறக்கும்" என்றேன்.

"ஏனுங்க சார், இதுல இருக்கறதக் கழட்டிக் கையோட கொண்டு போயிருங்க. பம்புசெட்டுக்கு வாசர் வாங்கப் போனாக்கூட நாங்க அப்பிடித்தானுங்க. எழுவது வளைவு ரெண்டு தடவை எறங்க முடியுங்களா?"

"இது வாஷர் இல்லைங்க" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. நாமக்கல் கடைக்காரர், "எந்த மதர்போர்டுங்க? பழைய ரேம் கொண்டாந்தீங்களா?" என்றார். தெரியாது என்று சொல்ல என் சான்றிதழ் விடவில்லை. "டிடிஆர் த்ரீ, நாலு ஜிபி" என்று அடித்துவிட்டேன்.

மறுநாள் விவசாயியும் மகளும் பார்த்திருக்க, பெட்டியைத் திறந்தேன். ரேமில் வெட்டு ஓரிடத்தில் இருந்தது. போர்டில் அதைச் செருகும் பள்ளத்தில் மேடு வேறிடத்தில். எங்களுடையது அதற்கும் முந்தைய ரகம், டிடிஆர் டூ. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன். படக்கென்றது. அதன்பிறகு கம்ப்யூட்டர் மெதுவாகக்கூட ஓடவில்லை.

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டார். என் வீம்பால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் வந்தார்.

"சேந்தமங்கலத்துல பிரவுசிங் சென்டர்ல ஒரு அம்மிணி பத்தே நிமிசத்துல முடிச்சுக் குடுத்துடுச்சுங்க."

எனக்கு உயிர் வந்தது.

"எங்க ஆளுககிட்டயும் சொல்லிட்டனுங்க சார். இனிமே எல்லாரும் நேரா அங்கயே போயிருவாங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே என்மேல் பரிதாபப்பட்டார்.