பங்க்கில் ஒரு வாய்த் தண்ணீர்

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகிற ரோட்டில் நடந்தது இது. நான் சொல்லப்போகிற பெட்ரோல் பங்க் எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு இப்போது அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் நான் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் சென்னையில் காசிமேட்டு விசைப்படகில், லாஞ்சு வேலைக்குப் போய்விடுவார். வருவது எப்போது என்று அவருக்கே தெரியாது. வீட்டில் நானும் மாமியாரும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்து மீன் விற்றவர். அந்த வாய்க்கு எதிரே நிற்கக் குப்பத்திலேயே ஆள் கிடையாது. நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால், குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "பட்ச்ச கையி இல்ல, அப்டித்தான் இர்க்கும்" என்பார். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன்.

அப்படிப்பட்டவர் திடீரென்று படுத்துவிட்டார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்காரர் கடலில் இருந்தார், துணைக்கு நான் ஒருத்திதான். கட்டிலுக்குக் கீழே முந்தானையை விரித்துப் படுப்பது, கூப்பிட்டால் எழுந்திருப்பது, துணி அலசுவது, கஞ்சி வாங்க ஓடுவது என்று நாட்கள் போயின. எந்த நாள் எது என்று தெரியாத அளவுக்கு அலுத்துப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

ஒரு நாள் காலையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இனி செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது என்றார். நான் திரும்பி வந்தபோது மாமியார் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அன்று விடிந்ததிலிருந்து அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. கரண்டியில் ஊற்றினால் கடைவாய் வழியாக வெளியே வந்துவிடும். அந்த நிலையிலும் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்டுக்குள்ள சேத்துடும்மா. ஒன் மாமன மாரி மணல்ல போட்டுடாத."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வெளியூரில் உயிர் போனவர்களைக் குப்பத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஊர் எல்லையில் இருக்கும் அம்மன் கோயிலைத் தாண்ட விடமாட்டார்கள். என் மாமனார் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரைக் கடற்கரை மணலில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே கிடத்தி அங்கிருந்தே எடுத்துவிட்டார்கள். தன் கையால் சுவர் எழுப்பிய வீட்டுக்குள் அவர் கடைசியாக ஒருமுறை போக முடியவில்லை. யாரிடமும் எதற்கும் கெஞ்சாத என் மாமியார் அன்று ஊர்க்காரர்கள் காலில் விழுந்து அழுதாராம். அந்தப் புண் ஆறவே இல்லை.

சரி அத்தை, கட்டாயம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். டாக்சி ஸ்டாண்டில் அவருடைய நிலைமையைக் கேட்டவுடனே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒல்லியாக ஒரு டிரைவர் மட்டும் நின்றார். பீடியை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வர்றேன் தங்கச்சி. ஆனா வழியில ஏதாச்சும் ஆயிடிச்சின்னா அங்கியே எறக்கி வுட்ருவேன். மொதலாளி வண்டி. பொணம் ஏறின வண்டின்னு பேரு வந்தா அப்பால கல்யாணத்துக்கு எவன் கூப்புடுவான்? எனக்கு வேலயே பூடும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு வழியும் இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

பின் சீட்டில் மாமியாரின் தலையை என் தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். படுக்க வைத்தால் அவருக்கு மூச்சுத் திணறும். டிரைவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். முதலாளியின் கஞ்சத்தனம், மச்சினன் கல்யாணம், ரோட்டில் குறுக்கே வரும் மாடு, எல்லாவற்றைப் பற்றியும். நான் எதையும் கேட்கவில்லை. மாமியார் என் விரலைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

திருக்கழுக்குன்றம் மலை பின்னால் போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டுப்போனது.

முதலில் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன், இவர் தொலைந்தால் நிம்மதி என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் ஓவென்று அலறவேண்டும்போல இருந்தது. அலறினால் டிரைவர் வண்டியை நிறுத்துவார். சித்திரை வெயிலில், நடு ரோட்டில், பிணத்தோடு நான் நிற்கவேண்டும். அதைவிட மோசம், வழியில் இறந்தார் என்று தெரிந்தால் ஊர் எல்லையில் அதே மணல்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"அம்மா எப்டி கீறாங்க?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"தூங்கறாங்க" என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் டிரைவர், பெட்ரோல் போடவேண்டும் என்று வண்டியைத் திருப்பினார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த பங்க்கைச் சொன்னால் புரியுமோ என்னவோ. ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. அதன் முன்னால் ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரே ஒரு பம்ப். கரண்ட் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் மேலே இருக்கிற இரண்டு கண்ணாடி ஜாடிகளில் மாறி மாறிப் பெட்ரோல் ஏறும். ஜாடி நிரம்புவதை நாமே பார்க்கலாம். ஒன்று நிரம்பும்போது அதற்குப் பக்கத்து ஜாடி குழாய் வழியாக வண்டியில் இறங்கும். அவசரமே இல்லாத வேலை. வேப்பமரத்தடியில் ஒரு நீளமான பெஞ்சும், அதன் பக்கத்தில் மண் பானையும் இருந்தன. பெட்ரோல் போட வருகிறவர்களைவிட, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் கூடைக்காரப் பெண்களும்தான் அந்த நிழலில் அதிகம் உட்காருவார்கள். அவர்களை யாரும் போ என்று சொன்னதில்லை.

பங்க்கைப் பார்த்துக்கொண்டவர் காக்கி நிஜாரும் தோளில் துண்டுமாக வந்தார். நடுவயசு, முகத்தில் சிரிப்பே இல்லை.

"எல்லாம் எறங்குங்க. ஆள வெச்சிகினு ஊத்த மாட்டேன்."

"எறங்கு தங்கச்சி. இவரு ரூல்ஸ் ரூல்ஸுதான்" என்று டிரைவர் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் பானைப் பக்கம் போனார்.

உடம்புக்கு முடியாதவர், தூங்குகிறார், எழுப்ப முடியாது என்று உளறினேன்.

"ரெண்டு பேருமா புடிச்சி பெஞ்சில ஒக்கார வெப்போம். நெழலாதான் கீது" என்று சொல்லிக்கொண்டே அவர் கதவைத் திறந்தார். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம மீன்காரம்மா ஆச்சே."

மாமியார் எத்தனையோ வருஷம் திருக்கழுக்குன்றம் சந்தைக்கு அந்த வழியாகத்தான் நடந்திருக்கிறார். அந்த பெஞ்சில்தான் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறியிருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. தன் கால் வலியைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து மாமியாரின் உதட்டில் உட்கார்ந்தது. நான் விரட்டினேன். திரும்பவும் வந்து உட்கார்ந்தது. பங்க்காரர் அந்த ஈயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் வாயில் மறுபடியும் முந்தானை இருந்தது. கண்ணீரை அடக்க முடியவில்லை.

"எங்க கொண்டுபோறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அத்தை வூட்டுக்குத்தான். உள்ள சேக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பானைப் பக்கம் போனார். அவ்வளவுதான், டிரைவரிடம் சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அலுமினிய டம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்கிறார். மாமியாரின் முகவாயைத் தாங்கிப் பிடித்து, உதடு நனைகிற அளவுக்குத் தண்ணீரைச் சாய்த்தார். அது கழுத்து வழியாக வழிந்தது. தன் தோளில் இருந்த துண்டை எடுத்துப் பக்குவமாகத் துடைத்தார். அந்தத் துண்டையே சுருட்டி, தலை ஆடாமல் இருக்க என் தோளுக்கும் அவர் கழுத்துக்கும் நடுவில் வைத்தார். பிறகு டிரைவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"ஒரு வாய் குட்ச்சாங்க. தூங்கட்டும், எழுப்ப வேணாம்."

கதவைச் சாத்திவிட்டுக் கைப்பிடியை ஆட்ட ஆரம்பித்தார்.

"இன்னா அண்ணாத்த, ஆள எறக்காம ஊத்தற?" என்று டிரைவர் கேட்டார்.

"இன்னிக்கி ஊத்தறேன்."

ஜாடி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நிரம்பும், இறங்கும், மறுபடி நிரம்பும். அந்தக் கைப்பிடியின் கிறீச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் பம்ப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு டிரைவர் பேசவில்லை. அதுவரை லொட லொடவென்று பேசி வந்த மனுஷன், ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்தி, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெல்ல இறக்கி ஏற்றினார். எனக்கு இருந்த கலக்கத்தில் அப்போது அது உறைக்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்துக்குச் சவுக்குத் தோப்பைத் தாண்டி, அம்மன் கோயிலையும் தாண்டி வண்டி நின்றது. சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் முன்னால் வந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தார். மாமனாரை மணலில் போடச் சொன்னவரும் அவர்தான்.

"உசுரு எங்க போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

வழியெல்லாம் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போது டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். காலில் செருப்பு இல்லை. கழற்றி வண்டிக்குள்ளேயே விட்டிருந்தார்.

"பங்க்ல தண்ணி குட்ச்சாங்க பெரியவரே. இத்தோ, கோயிலத் தாண்டினதும் ஒரு மூச்சு இழுத்தாங்க, அவ்ளோதான். நான் கண்ணாடியில பாத்துகினேதான் வந்தேன்."

பெரியவர் குனிந்து மாமியாரின் காலைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அந்தக் கைக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

"வூட்டுக்குள்ள எடுத்துகினு போங்கப்பா" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். எப்படி அழுதேன் என்றால், எனக்கும் மாமியாருக்கும் ஆகாது என்று தெரிந்த பெண்கள்கூட என்னைப் பிடித்து உட்கார வைக்கும்படி அழுதேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது வண்டி போய்விட்டிருந்தது. முதலாளியிடம் டிரைவர் என்ன சொன்னார், அந்த வேலை நிலைத்ததா, மாமியார் போனதைப் பங்க்காரர் சொல்லித் தெரிந்துகொண்டாரா, முன்பே தெரியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, துவைத்த துண்டையும் கொஞ்சம் வஞ்சிரக் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு அந்த பங்க்குக்குப் போனேன். பெஞ்சில் யாரோ இரண்டு கூடைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் செய்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பங்க்காரர் குறுக்கே பேசினார்.

"நான் இன்னாம்மா செஞ்சேன்? அந்தம்மா தண்ணி கேட்டாங்க, குட்த்தேன். குட்ச்சாங்க."

அவர் முகத்தில் அப்போதும் சிரிப்பு இல்லை. சாட்சி சொல்கிறவர் மாதிரி நின்றார். கருவாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிறகு அங்கே கரண்ட் பம்ப் வந்தது. அப்புறம் பங்க்கே மூடிப் பூட்டுப் போட்டுக் கிடந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது வேப்பமரமும் போனது. இப்போது மகன் காரில் அந்த வழியாகப் போகும்போது பெரிய பங்க்கில் நிறுத்துகிறான். வெளிச்சத்தில் கண் கூசுகிறது. மீட்டரில் பூஜ்யத்தைப் பாருங்கள் என்கிறார்கள், ஊற்றுகிறார்கள், அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், வேலையும் சுத்தம். பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது.

எனக்கும் வயசாகிவிட்டது, சீக்கிரமே அலுத்துப்போகிறது. ஆனாலும் மாமியார் கடைசியாக எங்கே தண்ணீர் குடித்தார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், அந்த வேப்பமரத்தடி பங்க்கில்தான் என்று இன்றைக்கும் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது பொய் சொல்வதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.