வரிசை முழுக்கக் கேட்ட இலக்கங்கள்

வங்கியிலிருந்து இப்போதுதான் வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

கீரிக் கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா, இணையத்தில் ஒரு தையல் இயந்திரத்துக்கு ஓடர் போட்டிருந்தார். நேற்று யாரோ ஒருவன் போன் எடுத்து, பார்சலை அனுப்புவதற்கு வங்கி அட்டை இலக்கமும் போனுக்கு வந்த இரகசிய எண்ணும் வேண்டும் என்றிருக்கிறான். அக்கா சொல்லிவிட்டார். இன்று கணக்கில் ஒன்றுமில்லை.

முறைப்பாடு செய்யப் போனோம். அலுவலர் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"முன்பின் தெரியாத ஆளுக்கு ஏனம்மா நம்பரைச் சொன்னனீங்கள்?"

"சண்டைக் காலத்திலை முகாமிலையும் ஆமி செக்பொயின்ரிலையும் கேட்டவைக்கெல்லாம் அடையாள அட்டை நம்பர் சொல்லித்தானே தம்பி நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தனாங்கள். சொல்லாட்டித்தான் பிரச்சினை."

அலுவலர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, போன் நம்பர், எல்லாத்தையும் பலமாச் சொல்லுங்கோ. ஃபேன் சத்தத்திலை கேக்கேல்லை."

அக்கா பழக்கப்பட்டவர். பலமாகவே சொன்னார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் கேட்டது.

வரும்போது ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். 'உங்கள் விபரங்களை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

இதை அக்கா வைத்திருப்பதா, அந்த அலுவலரிடமே திருப்பிக் கொடுப்பதா? நீங்களே சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.